ஒரு பதிலுக்குப் பிறந்த மாதம்

1994 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள். நியூயார்க்கில் ஐ.நா. சபையில் ஒரு கூட்டம். பேச வந்திருந்தவர் ஜோஸ்லின் எல்டர்ஸ். வயது 61. அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல். பெயரில் சர்ஜன் இருந்தாலும் கத்தி பிடிக்கும் பதவி இல்லை இது. நாட்டு மக்களின் உடல்நலம் பற்றி அரசின் சார்பில் பேசுகிற தலைமை மருத்துவர் என்று சொல்லலாம்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. கூட்டத்திலிருந்த உளவியலாளர் ஒருவர் எழுந்தார். எய்ட்ஸ் பரவாமல் தடுக்கச் சுய இன்பம் பற்றி இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசினால் என்ன என்று கேட்டார். எல்டர்ஸ் மழுப்பவில்லை. அது மனிதரின் பாலுணர்வில் ஒரு பகுதிதான், சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமாகக்கூட இருக்கலாம், ஆனால் நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியையே இன்னும் நாம் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றார்.

எட்டே நாளில், டிசம்பர் 9 அன்று, அவருடைய வேலை போயிற்று.

அமெரிக்காவில் தொடங்கி இப்போது பல நாடுகளில் மே மாதத்தைச் சுய இன்ப மாதம் என்று கடைப்பிடிக்கிறார்கள். பாலியல் கல்வியாளர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். அந்த மாதம் பிறந்தது இந்த வேலைநீக்கத்தில். எனக்கு இது தெரியவந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. தெரிந்த நாளிலிருந்து என் அண்ணனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1991. அண்ணன் வெளியூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அம்மா பதறிவிட்டாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, சட்டை தோளில் தொங்கியது. "ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லம்மா" என்றான். அவன் பெட்டியிலிருந்து அழுக்குத் துணியை எடுக்கப் போன நான், தினசரித் தாளில் சுற்றிய ஒரு பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே கருப்பாக லேகியம். கேட்டதற்கு வயிற்றுக்கு என்றான். கையில் வாட்சு இல்லை. தொலைந்துவிட்டதாம்.

உண்மையை அவன் சொல்ல இருபது வருடமாயிற்று. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துப் போயிருக்கிறான். இன்ன லாட்ஜ், இன்ன அறை, மாதத்தில் இன்ன தேதி. உள்ளே போனதும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "கைப்பழக்கம் உண்டா?" ஆமாம் என்றதும் தொடங்கியிருக்கிறது. நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, கல்யாணம் பண்ணினால் மானம் போகும், குழந்தை பிறக்காது. கடைசியில் மேசை மேல் வந்து உட்கார்ந்தது லேகியம். வாட்சு விற்ற காசு முதல் பாட்டிலுக்குப் போனது. அடுத்ததற்கு நண்பர்களிடம் கடன். இப்படிப் போன இரண்டு வருடத்தில் சாகலாம் என்று எத்தனை முறை நினைத்தான் என்பதையும் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் பயத்தை விற்பது, பிறகு மருந்தை விற்பது. இது நம் பஸ் ஸ்டாண்டுகளில் பிறந்த வியாபாரம் என்று நினைத்திருந்தேன். இதற்கு முந்நூறு வயது. 1710களில் லண்டனில் 'ஒனானியா' என்றொரு சிறு நூல் வந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. சுய இன்பம் பெரும் பாவம், உடம்பை உருக்குலைக்கும் நோய் என்று பக்கம் பக்கமாக மிரட்டிவிட்டு, குணமாக ஒரு திராவகமும் ஒரு பொடியும் உண்டு, இன்ன இடத்தில் கிடைக்கும் என்று சொன்னது. புத்தகம் அமோகமாக விற்றது. பயந்துபோன வாசகர்கள் எழுதிய கடிதங்களையே அடுத்த பதிப்பில் சேர்த்தார்கள். அதைப் படித்து இன்னும் பலர் பயந்தார்கள். தலைப்பில் இருக்கும் ஓனான் பைபிளின் ஆதியாகமத்தில் வருபவன். அவன் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இறந்த அண்ணனின் மனைவிக்குக் குழந்தை கொடுக்க மறுத்தான் என்பதுதான் அங்கே அவன் மேல் சாட்டப்பட்ட குற்றம்.

போலி வைத்தியம் சொன்னதை மெத்தப் படித்த வைத்தியமும் ஏற்றுக்கொண்டது. லோசான் நகரத்து மருத்துவர் திஸ்ஸோ 1760-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதற்குச் சமம் என்றார். நாற்பது! அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணனிடம் லாட்ஜ் வைத்தியர் சொன்ன கணக்கும் அதுதானே. உணவு ரத்தமாகி, தசையாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மஜ்ஜையாகிக் கடைசியில்தான் சுக்கிலமாகிறது, நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால் ஒரு துளி என்று நம் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வெகு தொலைவில் இருந்த இரண்டு வைத்திய மரபுகள் ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கின்றன. விந்து போவதால் பலம் போகிறது என்ற அச்சத்தோடு மருத்துவரிடம் வரும் இந்திய ஆண்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். நோய் பயத்தில்தான் இருக்கிறது, தாதுவில் இல்லை.

உடம்பின் கணக்கு இவ்வளவுதான். ஒரு தடவை வெளிவருவது 2 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணுக்கள் அதில் சொற்ப அளவே. ரத்தத்தை வடித்து அது உண்டாவதில்லை. விந்தகங்கள் நாள்தோறும் புதிதாக அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன, செலவாகாததை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், அல்லது தூக்கத்தில் வெளியேறும். இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. அண்ணனுக்கு இதைச் சொல்ல அன்று ஊரில் ஒரு ஆள் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயம் கொடுமையாக முற்றியது. அமெரிக்காவில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர், பையன்களுக்கு மயக்கமருந்து கொடுக்காமல் சுன்னத்து செய்யலாம் என்றும், பெண்களின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸில் கார்பாலிக் அமிலம் தடவலாம் என்றும் எழுதினார். (கார்ன் ஃப்ளேக்ஸை இதற்காகவே அவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நம்ப வேண்டாம். அது அவருடைய நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கட்டும் என்று செய்த உணவு.) பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி மக்களிடமே கேட்டுப் பார்த்தபோதுதான் காற்று திசை மாறியது. 1948-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஆண்களில் 92 சதவீதம் பேரும், 1953-இல் வெளியிட்டதில் பெண்களில் 62 சதவீதம் பேரும் தங்களுக்கு இந்த அனுபவம் உண்டு என்றிருந்தார்கள். 1972-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இது இயல்பானது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருடம் கழித்து, அதையே சொன்ன ஒரு மருத்துவருக்கு வேலை போயிற்று.

யார் அந்த மருத்துவர்? அர்கான்சாஸ் மாநிலத்தில் ஷால் என்ற குக்கிராமம். 1933-இல் ஒரு கறுப்பின வாரக் குடி விவசாயி வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தவர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மூன்று அறை, வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. சிறுவயதிலேயே பருத்திக் காட்டில் வேலை. கல்லூரிக்கு வரும்வரை ஒரு டாக்டரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. லிட்டில் ராக்கில் உள்ள கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது, போவதற்குப் பஸ் காசு இல்லை. தம்பி தங்கைகள் கூடுதலாகப் பருத்தி எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று டாலர் நாற்பத்து மூன்று சென்ட். அந்தக் கல்லூரிக்குப் பேச வந்தவர் ஈடித் இர்பி ஜோன்ஸ். அர்கான்சாஸ் மருத்துவக் கல்லூரியில் 1948-இல் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி. அவரைப் பார்த்த பிறகுதான் தானும் டாக்டர் ஆகலாம் என்ற எண்ணமே எல்டர்ஸுக்கு வந்தது. ராணுவத்தில் சேர்ந்து பிசியோதெரபி கற்று, ராணுவத்தினருக்கான கல்வி உதவியில் மருத்துவம் படித்து, 1960-இல் பட்டம் வாங்கினார். குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளில் நிபுணரானார்.

அவரைப் பாலியல் கல்விக்கு இழுத்து வந்தது இந்த மருத்துவம்தான். சர்க்கரை நோயுள்ள வளரிளம் பெண்கள் அவரிடம் சிகிச்சைக்கு வருவார்கள். அந்த வயதில் கர்ப்பமானால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. ஆகவே உடம்பைப் பற்றி அந்தப் பெண்களிடம் பேச வேண்டியிருந்தது. பேசப் பேசத்தான் தெரிந்தது, அவர்களிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. 1987-இல் மாநில ஆளுநராக இருந்த பில் கிளின்டன் அவரை மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தலைவராக்கினார். கிளின்டன் அதிபரானதும் 1993-இல் வாஷிங்டனுக்கு அழைத்துப் போனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் எல்டர்ஸ். காரின் முன்சீட்டில் எப்படி உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறோம், பின்சீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுத்தர வேண்டாமா என்று கேட்ட ஆள். எதிரிகளுக்குப் பஞ்சமிருக்குமா? 1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி நாற்பது வருடத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் பிடித்திருந்தது. வெள்ளை மாளிகை பயந்துபோய் இருந்த நேரம் அது. ஐ.நா.வில் அவர் சொன்னதை, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கச் சொல்கிறார் என்று திரித்தார்கள். இது இயல்பான விஷயம், இதனால் கண் குருடாகாது, பைத்தியம் பிடிக்காது என்பதைச் சொல்லித்தர வேண்டும் என்றே அவர் கருதினார். விளக்கம் சொல்லியும் பயனில்லை. ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்தார்.

இந்த வேலைநீக்கத்திலிருந்து அந்த மாதம் எப்படிப் பிறந்தது என்று பார்க்க, இனி சான் பிரான்சிஸ்கோ. அங்கே ஒரு கடைக்குப் போவதற்கு முன் நியூயார்க்கில் இரண்டு பெண்களைப் பார்த்துவிட வேண்டும்.

ஒருவர் பெட்டி டாட்சன், ஓவியர். 1968-இல் மேடிசன் அவென்யூவில் ஓர் ஓவியக் கூடத்தில் காமத்தை வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. அடுத்த கண்காட்சியில் சுய இன்பத்தில் இருக்கும் மனிதர்களை வரைந்து வைத்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோயிற்று. கலவியைப் பார்த்து ரசித்தவர்கள் இதைப் பார்க்கக் கூசினார்கள். எங்கே பூட்டு தொங்குகிறது என்று டாட்சனுக்குப் புரிந்துவிட்டது. தன் வீட்டுக் கூடத்திலேயே பெண்களை வட்டமாக உட்காரவைத்துத் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்தறிய வகுப்பு எடுக்கத் தொடங்கினார். 1973-இல் நியூயார்க்கில் நடந்த பெண்கள் மாநாட்டில் பெண்குறிகளின் ஸ்லைடுகளைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம், எதுவும் கோளாறு இல்லை என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்றுவரை தன்னுடையது மட்டும் ஏதோ மாதிரி இருக்கிறது என்று எத்தனை பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களோ.

இன்னொருவர் டெல் வில்லியம்ஸ். டாட்சனின் வகுப்புக்குப் போய் வந்தவர், ஒரு பெரிய கடைக்கு மின் மசாஜ் கருவி வாங்கப் போனார். எதற்கு இது என்று அங்கிருந்த இளைஞன் உரக்கக் கேட்டுவிட்டான். கூனிக்குறுகி வெளியே வந்தவர், 1974-இல் பெண்களுக்கென்றே 'ஈவ்ஸ் கார்டன்' என்ற கடையைத் திறந்தார்.

1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோனி பிளாங்க் திறந்தது 'குட் வைப்ரேஷன்ஸ்'. அவர் பாலியல் கல்வியாளர். உச்சத்தை ஒருமுறைகூட அறியாத பெண்களுக்கான ஆலோசனைக் குழுக்களில் வேலை செய்தவர். பொருள்களை எங்கே வாங்குவது என்று பெண்கள் கேட்டபடி இருந்தார்கள். அன்றைய கடைகள் இருட்டுச் சந்துகளில், ஆண்களுக்காக நடந்தவை. பிளாங்க் சின்னஞ்சிறு இடத்தில் வெளிச்சமாக ஒரு கடை போட்டார். பழங்காலத்து வைப்ரேட்டர்களைச் சேகரித்து அருங்காட்சியகம்போல அடுக்கினார், புத்தகங்களை வைத்தார். அங்கே வேலை பார்த்தவர்களின் முதல் வேலை கேள்விக்குப் பதில் சொல்வது. இதேபோல் தாங்களும் கடை தொடங்க நினைத்தவர்களுக்குத் தொழில் ரகசியத்தையும் பிளாங்க் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். 1992-இல் கடையையே ஊழியர்களின் கூட்டுறவாக மாற்றிவிட்டார்.

அதனால்தான் 1994 டிசம்பர் செய்தி அந்தக் கடையை அவ்வளவு தைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தாங்கள் நாள் முழுக்கச் சொல்லும் பதிலைத்தான் நாட்டின் தலைமை மருத்துவர் ஒரே ஒரு முறை சொன்னார், அதற்கு இந்தத் தண்டனையா? அறிக்கை விட்டிருக்கலாம், கடிதம் எழுதியிருக்கலாம். அவர்கள் ஒரு நாளைக் குறித்தார்கள். 1995 மே 7, தேசியச் சுய இன்ப நாள். எல்டர்ஸுக்கு மரியாதை செய்யவும், அவர் எந்தச் சொல்லைச் சொல்லி வேலையிழந்தாரோ அந்தச் சொல்லை ஊர் முழுக்கச் சொல்ல வைக்கவும். நாள் பிறகு மாதமாக நீண்டது, தேசியம் என்பது உலகம் என்றாயிற்று.

விற்கிற கடை குறித்த நாள்தானே, வியாபாரம் இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். நானும் அதை யோசித்தேன். லாட்ஜ் அறையில் இருந்தவனும் விற்றான், இவர்களும் விற்றார்கள். அவனுக்கு அண்ணன் பயந்துகொண்டே இருந்தால்தான் அடுத்த பாட்டில் போகும். இவர்களிடம் ஒன்றும் வாங்காமல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தாலும் அண்ணன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

இதுவரை அண்ணனைப் பற்றியே பேசிவிட்டேன். ஆண்களுக்காவது பயப்பட ஒரு சொல் இருந்தது. கைப்பழக்கம். எங்கள் வீட்டில், எங்கள் பள்ளியில், நான் தங்கிய மகளிர் விடுதியில் பெண்ணுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதற்கு அடையாளமாக ஒரு வசைச்சொல்கூட இருக்கவில்லை. லாட்ஜ் வைத்தியர்களின் நோட்டீஸ்கூட வாலிப வயோதிக ஆண்களைத்தான் கூப்பிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, முப்பத்தைந்து வயதில், என் உடம்பில் எனக்கே தெரியாத இடம் ஒன்று இருப்பதை ஒரு புத்தகத்தின் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இத்தனை வருடம் யார் வீட்டில் குடியிருந்தேன் என்பதுபோல.

அறிவியலே இங்கே தாமதமாகத்தான் வந்தது. கிளிட்டோரிஸ் என்பது வெளியே தெரியும் சிறு முனை மட்டும்தான் என்று பாடப்புத்தகங்கள் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், மெல்பர்னைச் சேர்ந்த சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் உடல்களை அறுத்துப் பார்த்து, உள்ளே அது கிளைகளாகவும் குமிழ்களாகவும் எவ்வளவு தூரம் விரிந்து கிடக்கிறது என்று விளக்கினார். அந்த ஆய்வு வெளிவந்தது 1998-இல். எல்டர்ஸை வீட்டுக்கு அனுப்பி நான்கு வருடம் கழித்து. வேறு எந்த வேலையும் இல்லாமல் இன்பத்துக்கென்றே அமைந்த உறுப்பு, நிலவுக்கு ஆள் போய் வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகும் பல பாடப்புத்தகங்களில் சரியாக வரையப்படவில்லை.

நம் பக்கத்திலும் பேசிய மருத்துவர் உண்டு. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியில் நடத்திய 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். குடும்பமாக உட்கார்ந்து இல்லை. அப்பா தூங்கப் போனதும் அம்மா சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே கேட்பாள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பேன். தமிழில் ஒரு டாக்டர், சிரித்த முகத்தோடு, இந்தச் சொற்களையெல்லாம் சாதாரணச் சொற்களாகச் சொன்னார். நானும் அம்மாவும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவள் அணைக்கவில்லை.

இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்றான். எல்டர்ஸ் கதையைப் போனில் முழுதாகச் சொன்னேன். பருத்திக் காடு, பஸ் காசு, ஐ.நா., டிசம்பர் 9.

"அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க?"

"ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்கண்ணா. அர்கான்சாஸ்ல பழையபடி குழந்தைகள் மருத்துவப் பேராசிரியரா."

"சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. கேட்டவங்க கிட்டயெல்லாம் சரியாத்தான் சொன்னேன்னாங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வண்டி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு, "பேரு என்ன சொன்ன? மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்" என்றான்.